கோப்பையின் நடுவில் குவியும் தேயிலை: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் மருத்துவம், வானியல், மழை, அடுப்படி என்று எல்லாம் கலந்து கிடந்தன. பதில் எழுத உட்கார்ந்த பிறகுதான், அவற்றில் பெரும்பாலானவை தண்ணீரோ காற்றோ இரத்தமோ எப்படி ஓடுகிறது என்ற ஒரே கேள்வியின் கிளைகள் என்பது தெரிந்தது. அதனால் கடிதங்கள் வந்த வரிசையை மாற்றி, முதலாவது பதிலைப் படித்தால் பின்னால் வருவது எளிதாக விளங்கும்படி அடுக்கியிருக்கிறேன்.

கேள்வி: தேநீரைக் கரண்டியால் கலக்கிவிட்டு நிறுத்தினால் தேயிலைத் தூள் கோப்பையின் நடுவில் வந்து குவிகிறது. சுழலும் பொருள் வெளிப்பக்கமாகத்தானே ஒதுங்க வேண்டும்? மையநீக்க விசையைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி இதைக் கேட்டாள். அன்று மழுப்பிவிட்டேன். (ஆசிரியை, பொகவந்தலாவை)

பதில்: மழுப்பியதற்காக வருந்த வேண்டாம், ரீச்சர். குவாண்டம் இயக்கவியலுக்குச் சமன்பாடு தந்த ஷ்ரோடிங்கரிடம் அவருடைய மனைவி இதே கேள்வியைக் கேட்டபோது அவருக்கும் பதில் தெரிந்திருக்கவில்லை. விடையை 1926இல் ஐன்ஸ்டைன் எழுதினார். அவர் எழுத எடுத்துக்கொண்ட விடயம் தேநீர் அன்று. ஆறுகள் ஏன் வளைந்து வளைந்து ஓடுகின்றன என்பதை விளக்கவே கோப்பையை உதாரணத்துக்கு எடுத்தார். அவருக்கும் முன்பு, 1857இலேயே ஜேம்ஸ் தொம்சன் என்பவர் இந்த ஓட்டத்தைச் சரியாகக் கண்டு, அதைப் பூமியின் காற்றோட்டத்தோடு இணைத்து எழுதியிருக்கிறார்.

முதலில் கண்ணால் பாருங்கள். கோப்பை வேண்டாம், வெறும் கண்ணாடிக் கிளாஸ் எடுத்து, தூசுத் தேயிலைக்குப் பதிலாகப் பெரிய இலைத் தேயிலை ஒரு சிட்டிகை போட்டு, இலைகள் ஊறி அடியில் படியும் வரை விட்டு, பிறகு கலக்குங்கள். கரண்டியை எடுத்தவுடன் இலைகள் முழுக் கிளாசிலும் சுற்றும். சில வினாடிகளில் அடியில் இறங்கி, சுருள் வழியில் நடுவை நோக்கி நகர்ந்து, சிறு குவியலாகி நிற்கும். ஓரிரண்டு இலகுவான இலைகள் நடுவில் சற்று மேலே கிளம்பி மீண்டும் விழுவதையும் காண்பீர்கள். விடை அந்த இலைகளில்தான் இருக்கிறது.

நீர் சுழலும்போது அதன் மேற்பரப்பு நடுவில் குழிந்து ஓரத்தில் உயர்கிறது. ஓரத்தில் நீர்மட்டம் உயர்ந்திருப்பதால் அங்கே அமுக்கமும் கூடுதல்; அந்தக் கூடுதல் அமுக்கமே நீரை நடுவை நோக்கித் தள்ளி, வட்டத்தை விட்டு விலகாமல் பிடித்து வைத்திருக்கிறது. கோப்பையின் நடு உயரத்தில் வெளியே ஓடப் பார்க்கும் நாட்டமும் உள்ளே தள்ளும் இந்த அமுக்கமும் சரிக்குச் சரியாக நிற்கின்றன. அடித்தளத்தில் நிலைமை வேறு. அங்கே நீர் கோப்பையின் அடியோடு உராய்ந்து வேகம் குறைந்துவிடுகிறது; வேகம் குறைந்த நீருக்கு வெளியே ஓட அவ்வளவு நாட்டமில்லை. ஆனால் மேலிருந்து வரும் அமுக்கம் மட்டும் குறையவில்லை. எனவே அமுக்கம் வெல்கிறது. அடிநீர் நடுவை நோக்கிப் பாய்ந்து, நடுவில் மேலெழுந்து, மேற்பரப்பில் ஓரத்துக்குப் போய், சுவரோரமாக இறங்கி, மறுபடி அடிக்கு வருகிறது. சுழலுக்குள்ளே மறைந்திருக்கும் இந்த இரண்டாவது ஓட்டம் இலைகளை நடுவுக்கு இழுத்து வருகிறது; அவற்றைத் தூக்கிச் செல்ல அதற்குப் பலம் போதாததால் அங்கேயே விட்டுவிடுகிறது. உங்கள் மாணவி மையநீக்க விசையைப் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை. அடியில் இருக்கும் உராய்வு புத்தகத்தில் இல்லை என்பதுதான் அவளுடைய சிக்கல்.

ஆற்றின் வளைவும் அரைக் கோப்பைதான். பேராதனைப் பக்கம் மகாவலி வளையும் இடங்களில் நின்று பார்த்தால், வெளிக்கரை செங்குத்தாக அரிக்கப்பட்டிருக்கும், உட்கரையில் மணல் திட்டு படிந்திருக்கும். ஆற்றடி நீர் வெளிக்கரையில் அரித்த மணலை உட்கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. வளைவு மேலும் வளைகிறது.

மருத்துவத்திலும் இதற்கு வேலை இருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் செங்குழியங்களைப் பிரித்தெடுத்துத் தெளிந்த திரவத்தை மட்டும் எடுக்க ஆய்வுகூடத்தில் வேகமாகச் சுழலும் மையநீக்கி இயந்திரம் வேண்டும். 2007இல் அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மிகச் சிறிய அறையொன்றில் குருதியை வைத்து, மின்னேற்றிய ஊசிமுனையிலிருந்து எழும் காற்றால் அதன் மேற்பரப்பைச் சுழல வைத்தார்கள். செங்குழியங்கள் தேயிலை இலைகளைப் போலவே அடியில் நடுவுக்கு வந்து குவிந்தன, மேலே தெளிந்த திரவம் நின்றது. இயந்திரமே அசைய வேண்டியதில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். தோட்டத்து டிஸ்பென்சரி மேசைக்கு அது வந்து சேர இன்னும் வழி இருக்கிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

கேள்வி: சூரியனைச் சுற்றியிருந்த தூசு ஒட்டிச் சேர்ந்துதான் பூமி உண்டானது என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. தூசு ஏன் கலைந்து போகாமல் ஓரிடத்தில் சேர வேண்டும்? (உயர்தர மாணவன், பண்டாரவளை)

பதில்: தம்பி, மேலே ரீச்சருக்கு எழுதிய பதிலை முதலில் படித்துவிட்டு இதற்கு வாருங்கள். இளம் நட்சத்திரத்தைச் சுற்றித் தட்டைப் போலப் பரந்திருக்கும் வாயுவும் தூசும்தான் இங்கே உங்கள் கோப்பை. வாயுவுக்கு அமுக்கம் உண்டு. நட்சத்திரத்துக்கு அண்மையில் அது கூடுதல். அந்த அமுக்கம் வாயுவை வெளிப்பக்கமாகச் சிறிது தாங்கிப் பிடிப்பதால், வாயு தன் பாதையில் தேவையானதை விட மிகச் சிறிதளவு மெதுவாகச் சுற்றினாலும் விழாமல் இருக்கிறது. கல்லுக்கும் தூசுக்கும் அப்படித் தாங்கல் இல்லை. அவை முழு வேகத்தில் சுற்ற வேண்டும். முழு வேகத்தில் போகும் கல்லுக்கு, மெதுவாகப் போகும் வாயு எப்போதும் எதிர்க்காற்று. சைக்கிளில் எதிர்க்காற்றில் மிதிப்பவர் களைப்பதைப் போலக் கல் வேகத்தை இழக்கிறது, இழந்தவுடன் நட்சத்திரத்தை நோக்கிச் சரிகிறது. உராய்வால் வேகம் குறைந்தது உள்ளே போகிறது என்ற அளவில் கோப்பைக் கதையேதான்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. 1977இல் கோளியல் ஆய்வாளர் வைடன்ஷில்லிங் கணக்கிட்டுக் காட்டியபடி, பூமியிருக்கும் தூரத்தில் ஒரு மீற்றர் அளவுள்ள பாறை ஏறத்தாழ நூறு ஆண்டுகளிலேயே நட்சத்திரத்துக்குள் விழுந்துவிடும். கோள் வளர அது எந்த மூலைக்கும் போதாது. அப்படியானால் நாம் எப்படி இங்கே இருக்கிறோம்? தட்டில் ஆங்காங்கே அமுக்கம் சற்றுக் கூடிய வளையங்கள் இருந்தால், தூசு அந்த மேட்டைத் தாண்ட முடியாமல் அங்கேயே சிக்கிச் சேரும் என்று கோட்பாட்டாளர்கள் சொல்லிவந்தார்கள். 2014இல் சிலி நாட்டின் 5000 மீற்றர் உயரமான மேட்டு நிலத்தில் உள்ள அல்மா வானொலித் தொலைநோக்கித் தொகுதி, ஏறத்தாழ 450 ஒளியாண்டுகள் தொலைவிலுள்ள எச்.எல். டோரி என்ற இளம் நட்சத்திரத்தைப் படமெடுத்தபோது, இசைத்தட்டின் கோடுகளைப் போல வரிசையாக ஒளிவளையங்களும் இருண்ட இடைவெளிகளும் தெரிந்தன. அந்த இடைவெளிகளை ஏற்கெனவே பிறந்த கோள்கள் உண்டாக்கினவா, அல்லது வளையங்கள்தான் முதலில் வந்து கோள்களை உண்டாக்கப் போகின்றனவா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தால் பாடப்புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கள். பல்கலைக்கழகம் போன பிறகு வாதாடலாம்.

கேள்வி: அட்டை கடித்த இடத்தில் இரத்தம் ஏன் நிற்பதில்லை? கொழுந்து பறிக்கப் போகும்போது சவர்க்காரம் பூசிக்கொண்டுதான் போகிறோம், அப்படியும் விடுவதில்லை. (வாசகி, மஸ்கெலியா)

பதில்: அம்மா, அட்டை கடிப்பதோடு நிற்பதில்லை, தன் உமிழ்நீரையும் காயத்துக்குள் விட்டுச் செல்கிறது. இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதில் இருப்பதை 1884இல் ஜோன் ஹேகிராஃப்ட் கண்டறிந்தார். மருத்துவ அட்டையில் உள்ள அந்தப் பொருளுக்குப் பின்னர் ஹிருடின் என்று பெயர் வந்தது. அது இரத்தத்தை உறையச் செய்யும் துரொம்பின் என்ற நொதியத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. நம் தேயிலை மலையில் ஏறும் தரையட்டை வேறு இனம், ஆனாலும் அதுவும் இதே வழியைத்தான் கையாள்கிறது. பிய்த்து எறிந்த பிறகும் உமிழ்நீர் காயத்தில் இருப்பதால் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துச் சற்று நேரம் இருப்பதே போதுமானது. உப்போ சுண்ணாம்போ போட்டுக் கழற்றுவதை விட, மெல்லிய முனைப் பக்கமாக நகத்தை நுழைத்து வழித்துவிடுவது நல்லது. துன்புறுத்தினால் அது வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடலாம்.

இதே பிராணியை மருத்துவமனைகள் வேண்டி விரும்பி வாங்குகின்றன என்றால் நம்புவீர்களா? துண்டான விரலைத் தைத்துப் பொருத்தும்போது, இரத்தம் கொண்டுவரும் நாடியைத் தைத்துவிடலாம், ஆனால் திருப்பிக் கொண்டுபோகும் மெல்லிய நாளங்கள் பெரும்பாலும் தையலுக்குப் பிடிகொடுக்காது. உள்ளே வந்த இரத்தம் வெளியேற வழியின்றி விரல் நீலம் பாரித்து வீங்கும். புதிய நாளங்கள் முளைக்கும் வரை சில நாட்களுக்கு வடிகாலாக வேலை செய்வது அட்டை. 2004இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் மருத்துவ அட்டையை விற்க அனுமதி கொடுத்தபோது அதை மருத்துவக் கருவிகளின் பட்டியலில் சேர்த்தது. மலையில் நம்மை ஏறிக் கடிப்பது கருவி என்ற எண்ணம் யாருக்கும் வராது.

கேள்வி: எங்கள் அப்பாயிக்கு எழுபது வயதாகிறது. பீடி, சுருட்டு தொட்டதே இல்லை. இப்போது நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வைத்தியர் நீண்ட காலம் புகை பிடித்தவரின் நுரையீரல் போல இருக்கிறது என்கிறார். அடுப்புப் புகைதான் காரணமா? புகைபோக்கி வைத்தால் போதுமா, காஸ் அடுப்புக்குத்தான் மாற வேண்டுமா? (வாசகி, நோர்வூட்)

பதில்: உங்கள் அப்பாயியின் நோய் இன்னதென்று பத்திரிகையில் இருந்துகொண்டு சொல்ல முடியாது, அது உங்கள் வைத்தியரின் வேலை. ஆனால் புகையே பிடிக்காத பெண்ணுக்குப் புகைபிடிப்பவரின் நுரையீரல் வருவது உலகெங்கும் அடுப்படிகளில் கண்டறியப்பட்ட விடயம். நாட்பட்ட சுவாசத் தடை நோய்க்குச் சிகரெட்டுக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் பெரிய காரணங்களில் விறகுப் புகையும் ஒன்று. உலக சுகாதார நிறுவனம், வீட்டுக்குள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் 32 இலட்சம் பேர் இறந்ததாகவும், அவர்களில் 2,37,000க்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் என்றும் கணித்திருக்கிறது.

நான் எழுதப் படித்தது லயன் காம்பராவின் (தோட்டத்து வரிசை வீட்டு அறையின்) அடுப்பங்கரையில், குப்பி விளக்கு வெளிச்சத்தில். கவ்வாத்து மலையிலிருந்து அம்மா தலைச்சுமையாகக் கொண்டுவரும் மிலாறு (வெட்டிய தேயிலைக் கிளை விறகு) மழைக்காலத்தில் காயவே காயாது. அடுப்பு மூண்டவுடன் புகை முதலில் கூரைத் தகரத்தில் முட்டி, பிறகு மெல்லத் தாழ்ந்து, உட்கார்ந்து படிக்கும் என் கண்மட்டத்துக்கு வரும். நின்று சமைக்கும் அம்மாவின் தலை அந்நேரம் முழுவதும் அந்தப் புகைக்குள்ளேயே இருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கூரையிலிருந்து தொங்கிய கரியொட்டடையை மட்டும் தீபாவளிக்கு முன் ஈர்க்கு விளக்குமாற்றால் தட்டிவிடுவோம். அந்தக் கரி வெறும் கூரையில் மட்டும் படியவில்லை.

எது எங்கே படிகிறது என்பதுதான் இங்கே முக்கியம். நம் மூச்சுக்குழாய் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக, ஏறத்தாழ 23 முறை கிளைத்துச் சென்று நுண்ணிய காற்றுப்பைகளில் முடிகிறது. ஒவ்வொரு கிளையிலும் காற்று வளைந்து திரும்ப வேண்டும். பெரிய துணிக்கை வளைவில் திரும்ப முடியாமல் நேரே போய்ச் சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். வளைவில் வேகமாகப் போகும் பஸ்ஸில் நின்று பயணம் செய்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 10 மைக்ரோமீற்றரை விடப் பெரியவை பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் இப்படிச் சிக்கி, சளியாக வெளியே வந்துவிடும். 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்தவை, அதாவது தலைமுடியின் தடிப்பில் ஏறத்தாழ 30இல் 1 பங்குள்ளவை, காற்றோடு காற்றாக எல்லா வளைவிலும் திரும்பி அடி வரைக்கும் போய்ச் சேர்கின்றன. விறகுப் புகையின் பெரும்பகுதி இந்த அளவுதான். எனவே கண் எரிவதும் இருமல் வருவதும் ஆபத்தின் அளவுகோல் அல்ல; ஆழத்துக்குப் போவது கண்ணை எரிக்காமலேயே போகும்.

இப்போது உங்கள் கேள்வியின் கடினமான பாதி. புகைபோக்கி வைத்த விறகடுப்பு பயன் தருமா என்பதை நம்மைப் போன்ற மலைநாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். குவாத்தமாலாவின் மேற்கு மலைப்பகுதியில், நுவரெலியாவையும் விட உயரமான குளிர்ப் பிரதேசத்தில், 534 வீடுகளைத் தெரிவு செய்து, பாதி வீடுகளுக்குப் புகைபோக்கியுள்ள அடுப்பைக் கொடுத்து, மற்ற வீடுகளில் பழைய திறந்த அடுப்பே இருக்க, பிள்ளைகளின் நிமோனியாவைக் கண்காணித்தார்கள். முடிவு 2011இல் வந்தது. பிள்ளைகள் சுவாசித்த புகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் மொத்த நிமோனியா குறைந்ததென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கடும் நிமோனியா மட்டும் மூன்றில் ஒரு பங்களவு குறைந்தது.

அப்படியானால் காஸ் அடுப்பே வழி என்று தோன்றும். அதையும் சோதித்தார்கள். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளில் ஏறத்தாழ 3200 கர்ப்பிணிப் பெண்களில் பாதிப் பேருக்குக் காஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்துப் பின்தொடர்ந்தார்கள். இந்தியப் பகுதி ஆய்வு நடந்தது தமிழ்நாட்டில். காஸ் கிடைத்த பெண்கள் சுவாசித்த நுண்தூசு ஒரு கனமீற்றர் காற்றில் ஏறத்தாழ 24 மைக்ரோகிராம். விறகடுப்போடு இருந்தவர்களுக்கு 70. இவ்வளவு வித்தியாசம் இருந்தும், 2022இல் வெளியான முடிவின்படி குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. 2024இல் வெளியான முடிவின்படி நிமோனியாவிலும் இல்லை.

இதைப் படித்துவிட்டு, புகையால் ஒன்றும் இல்லையாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த ஆண்டுச் சராசரி எல்லை 5 மைக்ரோகிராம். 24 என்பது அதன் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அடுப்பை மாற்றியது கருத்தரித்துச் சில மாதங்கள் கழிந்த பிறகு. அதற்கு முன் பல ஆண்டுகள் அந்தப் பெண் புகையில்தான் இருந்திருக்கிறாள். உங்கள் அப்பாயியின் நுரையீரல் நாற்பது ஐம்பது ஆண்டுக் கணக்கு. ஒன்றரை ஆண்டு ஆய்வு அந்தக் கணக்கைத் தொடவில்லை. என் அபிப்பிராயம் இது: வசதியிருந்தால் காஸுக்கு மாறுங்கள், ஆனால் 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பி மறுபடி விறகைத் தேடிய அனுபவம் நமக்கு இருப்பதால், விறகடுப்பையும் செப்பமாக வைத்திருங்கள்.

புகைபோக்கி வைப்பவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. குழாயைக் கூரைத் தகரத்துக்கு ஒரு சாண் மேலே விட்டு நிறுத்திவிடுகிறார்கள். காற்று கூரை முகட்டைத் தாண்டியதும் மறுபக்கத்தில் சுழன்று கீழே விழும். குழாயின் வாய் அந்தச் சுழலுக்குள் இருந்தால் புகை வந்த வழியே வீட்டுக்குள் திரும்பும். குழாய் முகட்டை விட உயரமாக இருக்க வேண்டும். உயரம் கூடக் கூட இழுவையும் கூடும், ஏனெனில் புகையை மேலே ஏற்றுவது குழாய்க்குள் நிற்கும் சூடான காற்றின் இலேசுத்தன்மைதான். விடியற்காலையில் குழாய் குளிர்ந்திருக்கும்போது இழுவை இருக்காது. முதலில் ஒரு கடதாசித் தாளை எரித்துக் குழாயின் வாய்க்குள் காட்டிவிட்டு, பிறகு அடுப்பை மூட்டிப் பாருங்கள். ஈர மிலாறை இரண்டு வாரமாவது கூரைக்கடியில் உலர்த்துங்கள். ஈரவிறகின் வெப்பத்தில் ஒரு பகுதி அதன் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகி, மீதி அரைகுறையாக எரிந்து புகையாகிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். குளிருக்காகக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்க வேண்டாம். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, புகையும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

கேள்வி: நம் நாட்டின் உயரமான மலை பிதுருதலாகலை. அங்கே ஏன் பெரிய தொலைநோக்கி வைக்கவில்லை? (ஓய்வுபெற்ற தபால் ஊழியர், ராகலை)

பதில்: ஐயா, உயரம் மட்டும் போதுமென்றால் வைத்திருக்கலாம். உலகின் மிகச் சிறந்த தொலைநோக்கிகளில் சில நிற்கும் சிலியின் பரனல் மலை 2635 மீற்றர். பிதுருதலாகலை 2524 மீற்றர். வித்தியாசம் 111 மீற்றர்தான். ஆனால் பரனல் நிற்பது உலகின் மிக வறண்ட பாலைவனத்தில், மேகங்கள் அங்கே கடலை ஒட்டிக் கீழேயே தங்கிவிடுகின்றன. நம் மலையுச்சியோ ஆண்டில் பெரும்பகுதி மேகத்துக்குள் இருக்கிறது. நீராவி அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், மேகம் எல்லா ஒளியையும் மறைத்துவிடும்.

அடுத்தது காற்றின் கொந்தளிப்பு. சூடும் குளிரும் கலந்து சுழலும் காற்று ஒளியை அங்குமிங்கும் முறிப்பதால்தான் நட்சத்திரம் மின்னுகிறது. கோள்கள் மின்னாததற்குக் காரணம், அவை புள்ளியாக இல்லாமல் சிறு தட்டாகத் தெரிவதால் ஒரு பக்கத்து நடுக்கம் மறுபக்கத்தால் சமமாகிவிடுவது. அடுப்புப் புகை முதலில் நேராக எழுந்து, ஒரு முழ உயரத்தில் கலைந்து பெரிய சுருளாகி, அது சிறு சுருள்களாகி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். பெருஞ்சுழல் தன் ஆற்றலைச் சிறு சுழல்களுக்குக் கைமாற்றிக்கொண்டே போகிறது என்ற இந்தக் காட்சியை 1941இல் ரஷ்யக் கணித அறிஞர் கொல்மகோரொவ் சமன்பாடாக்கினார். வானியலாளர்கள் இன்று காற்றின் நடுக்கத்தை மதிப்பிடுவது அவருடைய கணக்கை வைத்துத்தான். பெரிய தொலைநோக்கிகளில் ஒரு கண்ணாடியை வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவைகள் சிறிது சிறிதாக வளைத்து அந்த நடுக்கத்தை அழித்துவிடுகிறார்கள்.

வெறுங்கண்ணுக்கு நமக்குக் கிடைத்த பாக்கியம் வேறு. பூமத்திய கோட்டுக்கு அருகில் இருப்பதால் வட, தென் வானங்களில் ஏறத்தாழ எல்லா நட்சத்திரங்களும் நமக்கு உதிக்கும். மாசி மாதத்து மேகமற்ற முன்னிரவில் தெற்கே பார்த்தால் அகத்திய நட்சத்திரம் தெரியும். இன்று உங்கள் கண்ணில் படும் அதன் ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 310 ஆண்டுகள் ஆகின்றன. மலையில் ஒரு தேயிலைச் செடியும் இல்லாத காலம் அது.

கேள்வி: ஆடி, ஆவணியில் ஹட்டனில் இருக்கும் அக்கா மழை ஓயவில்லை என்கிறார். எங்களுக்கோ வறண்ட காற்று வீசிக்கொண்டே இருக்கிறது. அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு வாசம் வருகிறது என்று தொழிற்சாலையில் சொல்கிறார்கள். உண்மையா? (வாசகர், பசறை)

பதில்: இரண்டும் ஒரே காற்று. கிழக்கு மாகாணத்தில் இதைக் கச்சான் என்பார்கள் (வேர்க்கடலைக்கும் அதே பெயர்தான், கடையில் கேட்கும்போது குழப்பம் வராது). தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தோடு வந்து மலையில் முட்டி ஏறுகிறது. ஏறும் காற்று குளிர்ந்து, அதன் நீராவி ஒடுங்கி மழையாகக் கொட்டுகிறது. வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்வது இதனால்தான். நீராவி நீராகும்போது தன் மறைவெப்பத்தை வெளிவிடுவதால், ஈரக் காற்று ஏறும்போது மெதுவாகக் குளிர்கிறது: ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 5 பாகை. முகட்டைத் தாண்டி உங்கள் ஊவாப் பக்கம் இறங்கும்போது அதில் மேகம் இல்லை. வறண்ட காற்று கிலோமீற்றருக்கு 9.8 பாகை சூடாகும். கொழும்புப் பக்கம் 25 பாகையில் புறப்பட்ட காற்று, முதல் 600 மீற்றர் வறண்டு ஏறி, மீதி 1400 மீற்றர் மழையோடு ஏறினால் முகட்டில் ஏறத்தாழ 12 பாகை. மறுபக்கம் 2000 மீற்றர் இறங்கி மட்டக்களப்பை அடையும்போது 31க்கும் மேல். மழையைக் கொட்டிவிட்டு வெப்பத்தை மட்டும் எடுத்து வருகிறது. பட்டிப்பொலவைத் தாண்டி ஒஹிய பக்கம் போகும் ரயில் சுரங்கத்தின் ஒரு வாயில் மூடுபனியும் மறுவாயில் வெயிலும் இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

வாசத்தைப் பற்றித் தொழிற்சாலையில் சொன்னது உண்மை. காற்றும் வரட்சியும் செடியை வருத்தும்போது கொழுந்து மெதுவாக வளர்கிறது, வாசப்பொருட்கள் அதில் செறிகின்றன. ஊவாத் தேயிலையின் தனி மணத்தில் முக்கியமானது மெதையில் சலிசிலேற்று. முதுகுவலிக்குப் பூசும் தைலத்தின் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள்; அதில் மூக்கைத் துளைப்பதும் இதே பொருள்தான். ஆவணி மாதத்து நல்ல பிளேன்டீயை இளஞ்சூட்டில் வாயில் வைத்து மூக்கால் மூச்சை விட்டால், அதன் மெல்லிய சாயல் தெரியும். பால் ஊற்றினால் தெரியாது.

கேள்வி: கொழும்பில் சமைத்த அதே நேரத்தில் நுவரெலியாவில் பருப்பு வேகமாட்டேன் என்கிறதே, தண்ணீர் கொதித்துக்கொண்டுதானே இருக்கிறது? (புதிதாக மணமாகி வந்த வாசகி, நுவரெலியா)

பதில்: கொதிக்கிறது, ஆனால் ஏறத்தாழ 94 பாகையில். 1868 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் குறைவு; 300 மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு பாகை வீதம் கொதிநிலை இறங்கிவிடும். அடுப்பைக் கூட்டினால் தண்ணீர் வேகமாக வற்றுமே தவிர அதற்கு மேல் சூடேறாது. பருப்பை முன்னேரத்திலேயே ஊறவையுங்கள், அல்லது பிரஷர் குக்கரில் வையுங்கள். விறகு மிச்சமாகும், நோர்வூட் வாசகிக்கு எழுதிய பதிலில் சொன்ன புகையும் அந்த அளவுக்குக் குறையும்.